நான்கு வெள்ளைக் கால்கள்

மரவெட்டு முகாம்,
கொடைக்கானல் மலைக்குப் பின்பக்கம்
12.2.1978

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மகள் ரெங்கம்மா எழுதிக்கொண்டது. நானும் அவரும் பவளமும் இங்கே சுகம். உங்கள் இருவரின் சுகத்துக்கும், அப்பாவின் இருமல் எப்படி இருக்கிறது என்பதற்கும் எழுதவும்.

கப்பல் இறங்கி நாங்கள் இருந்த மண்டபம் முகாமுக்கு ஒரு குத்தகைக்காரர் லொறியோடு வந்து, மலையில் வேலை இருக்கிறது என்று எங்களைப் போலப் பல குடும்பங்களைக் கூட்டிவந்தார். தேயிலை வேலை இல்லை, தைல மரம் வெட்டுகிற வேலை. குளிர் நம் நமுனுகுலக் குளிர் மாதிரிதான். எல்லா வசதியும் இருக்கிறது.

ஒரு புதினச் சேதி. இந்தக் காட்டில் ஒரு பேய் நடக்கிறது. அதற்குக் கால் மட்டும்தான். நான்கு கால்கள், முழங்காலுக்குக் கீழே சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளை. மேலே உடம்பு கிடையாது, தலை கிடையாது. பொழுது சாயும்போது கடைசி வரிசை மரங்களுக்கு அப்பால் போகும். முகாமில் பலர் பார்த்திருக்கிறார்கள். அவரும் பார்த்துவிட்டு வந்து காய்ச்சலில் படுத்தார். "கடைசி வரிசைய யாரும் தாண்டாதீங்க. தாண்டினவன் திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல" என்று மேஸ்திரி ஐயா தினமும் சொல்கிறார்.

நம் தோட்டத்து எல்லையில் இருக்கிற குதிரை முனி எப்படி வந்தது என்று நீங்கள் ஒருமுறை சொல்லத் தொடங்கினீர்கள். அம்மா உங்கள் வாயை அடைத்துவிட்டார். அதை எழுதி அனுப்புங்கள் அப்பா. லத்தீப் நானாவைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ரெங்கம்மா


நமுனுகுல
இலங்கை
20.3.1978

அன்பு மகள் ரெங்கம்மாவுக்கும் மாப்பிள்ளை சின்னராசாவுக்கும் பேத்தி பவளத்துக்கும், அப்பன் தம்பையா கடைவீதியில் லத்தீப் நானாவின் கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்து சொல்ல, அவர் எழுதுவது. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை. இருமல் என்னோடு பிறந்தது, என்னோடுதான் போகும்.

முனியைப் பற்றிக் கேட்டாய். சொல்கிறேன். அம்மா இங்கே இல்லை, கொழுந்து பறிக்கப் போயிருக்கிறாள்.

என் தகப்பனோடு வந்த சனம் திருச்சிக்குத் தெற்கே காய்ந்த பூமியிலிருந்து வந்தது. மாடு தெரியும், ஆடு தெரியும். குதிரையை ஐயனார் கோயிலில் மண்ணாகத்தான் பார்த்திருந்தார்கள். இங்கே வந்து, தோட்டத்து வேலை பொறுக்காமல் ஓடப் பார்த்தவர்கள் எல்லைக் கணவாயில் அதைக் கண்டார்கள். இடுப்புவரை மனுஷன், இடுப்புக்குக் கீழே குதிரை, நெஞ்சில் நெருப்புக் கண். கண்டவர்கள் அங்கேயே விழுந்தார்கள். பிடிபட்டுத் திரும்பி வந்தவர்களுக்குப் பேச்சு வரவில்லை. பெரிய கங்காணி அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, சாராயமும் சுருட்டும் வைத்தார். முனிக்கு ஏன் சுருட்டு என்று கேட்கிறாயா? முனி வந்துபோன இடத்தில் சுருட்டு வாசம் அடித்ததாம்.

எனக்கு அப்போது ஏழெட்டு வயது. என் அத்தை பேச்சி அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் புல் அறுக்கப் போனவள் ஓடிவந்து, "அண்ணே, சாமி லத்தி போடுமா?" என்று என் தகப்பனிடம் கேட்டாள். அவர் வாயிலேயே ஒன்று வைத்தார். அவள் அடங்குகிற பிறவியா? துரையின் பங்களாவுக்கு விறகு சுமந்து போன அன்று, குதிரை கட்டுகிற கொட்டிலை எட்டிப் பார்த்தாள். அங்கேயும் அதே லத்தி, குதிரைச் சாணம். சுவரில் கறுப்பு மழைக்கோட்டு. அதன் மார்பில் மாட்டுகிற வளையத்தில் ஒரு விளக்கு. மூடுபனியில் கறுப்புக் கோட்டும் கறுப்புக் குதிரையும் ஒன்றாகிவிடும், அவ்வளவுதான். முனி வேறு, துரை வேறு இல்லை. கங்காணிக்கும் இது தெரியும். தெரிந்துதான் கல் நட்டார்.

உன் கால்பேய் சாணம் போடுகிறதா என்று பார். போட்டால் எழுது.

இன்னொன்று. மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம், பவளம் பள்ளிக்கூடம் போகிறாளா, கடை கண்ணி பக்கமா, ஒன்றுமே உன் கடிதத்தில் இல்லை. உன் அப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காது கேட்கும்.

பதில் போடவும்.
தம்பையா

(எழுதியவன் லத்தீப். சாணத்தைப் பற்றிக் கடிதம் எழுதியது இதுதான் எனக்கு முதல் தடவை, தங்கச்சி.)


மரவெட்டு முகாம்
7.5.1978

அன்புள்ள அப்பா, அம்மாவுக்கு ரெங்கம்மா எழுதிக்கொண்டது. நாங்கள் சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் வந்தது. மேஸ்திரி ஐயாவே உடைத்து, காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு நேரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நிறையச் சிரித்தார். "ஒங்கப்பன இங்க வரச் சொல்லு, பேய்க்குக் கணக்கப்பிள்ளையா போட்டுடலாம்" என்றார்.

சாப்பாட்டுக்குக் குறையில்லை. மருந்துக்குக் குறையில்லை. எங்களைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அவர் காலில் மரம் விழுந்தது, இப்போது பரவாயில்லை.

பேச்சி அத்தை அப்புறம் என்ன ஆனார்? கணவாயைத் தாண்டிப் போனாரா?

ரெங்கம்மா


நமுனுகுல
11.6.1978

மகள் ரெங்கம்மாவுக்கு அப்பன் சொல்வது. நாங்கள் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருப்பது கேட்டுச் சந்தோஷம். மேஸ்திரி ஐயா என் கதையை ரசித்ததற்கு அவருக்கு என் கும்பிடு. கிழவன் வாய்க்கு வந்ததைப் பேசுகிறான் என்று பெரிய மனதோடு விட்டுவிடச் சொல்லவும். மாப்பிள்ளையின் காலுக்கு நல்லெண்ணெய் சூடுபண்ணித் தேய்க்கவும்.

இங்கே மழை. உன் அம்மாவுக்கு மூட்டு வலி. வேறு விசேஷம் இல்லை.

தம்பையா


கீழ்ச் சந்தை
20.8.1978

அப்பா, அம்மா, இதை டீக்கடை இராக்கம்மா அக்கா தன் கையால் தபாலில் சேர்ப்பார். அதனால் இதில் உள்ளது எல்லாம் உண்மை.

ஞாயிற்றுக்கிழமை பெண்களை மட்டும் காவலோடு சந்தைக்கு விடுவார்கள். பிள்ளைகளையும் ஆண்களையும் மேலேயே நிறுத்திக்கொள்வார்கள். போன மாதம் நான் நம் ஊர்ப் பேச்சில் சீனி கேட்டதும் இந்த அக்கா என் முகத்தைப் பார்த்து, "ஏம்மா, நீ பதுளப் பக்கமா?" என்றார். அவரும் நம் பதுளைப் பக்கத்து ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் பிறந்தவராம். எனக்கு அழுகை வந்துவிட்டது. இனி எனக்கு எழுதுவதை இவர் பெயருக்கு எழுதுங்கள்.

நாங்கள் இங்கே அடைபட்டுக் கிடக்கிறோம், அப்பா. குடும்ப அட்டையையும் பாஸ்போட்டையும் குத்தகைக்காரர் வாங்கிப் பூட்டிக்கொண்டார். சம்பளம் என்று எதையும் கண்ணால் பார்த்ததில்லை. இறங்கிப் போக ஒரே ரோட்டு. அதன் வாயில் காவல் கொட்டில். பொலிஸ்காரர்கள் வந்து அவர்களோடுதான் சாப்பிட்டுவிட்டுப் போகிறார்கள். மற்றப் பக்கமெல்லாம் காடு. அந்தப் பக்கத்துக்குக் காவலே கிடையாது. அங்கே பேய் இருக்கிறதே, காவல் எதற்கு?

வீரய்யா என்று ஒருவர் காட்டு வழியாக ஓடினார். மறுநாள் அவருடைய துண்டைக் கிழிசலாகக் கொண்டுவந்து பெரட்டில் காட்டினார்கள். அன்றிலிருந்து ஆண்கள்கூடக் கடைசி வரிசைப் பக்கம் திரும்புவதில்லை.

பவளத்துக்கு மார்ச்சளி நிற்கவில்லை. இன்னொரு குளிர்காலத்தை அவள் தாங்குவாள் என்று எனக்குத் தோன்றவில்லை. போகவேண்டும், அப்பா. எனக்குத் துணிச்சல் இல்லை.

நீங்கள் சொன்னதைப் பார்த்தேன். சாணம் இருக்கிறது. எருமைச் சாணம் மாதிரி, ஆனால் பெரிசு. ஈரத்தில் குளம்புத் தடமும் இருக்கிறது, இரண்டாகப் பிளந்த குளம்பு. ஆனால் உடம்பு இல்லையே? நானும் இப்போது பார்த்துவிட்டேன். கால் மட்டும்தான் போகிறது.

பேச்சி அத்தை போய்ச் சேர்ந்தாரா? போன கடிதத்தில் நீங்கள் அதைச் சொல்லவில்லை.

ரெங்கம்மா


நமுனுகுல
14.9.1978

தாயி ரெங்கம்மா,

உன் கடிதத்தை லத்தீப் நானா மெல்ல வாசித்தார். பிறகு எழுந்து போய்க் கடைப் பலகையைப் பாதி சாத்திவிட்டு வந்து மறுபடி வாசித்தார். உன் அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். அவள் கேட்டாள், "இங்க ஒரு தோட்டத்துல கெடந்தோம். அக்கரைக்கு அனுப்புனது இன்னொன்னுல அடைக்கவா?" எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்து நான் இங்கே நின்றேன். மாப்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை, நீங்கள் போனீர்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரோ, பிரிந்தது நாம்.

அத்தையைக் கேட்டாய். பிடிபட்டாள்.

அதை உனக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்லாவிட்டால் தப்பு. முனி இல்லை என்று தெரிந்ததும் அவளுக்குப் பயமே போய்விட்டது. பயம் போன தைரியத்தில் நேராகக் கணவாய் ரோட்டில் நடந்தாள். பேய் இல்லைதான். துரை இருந்தானே! குதிரையோடு நின்றான். கொண்டுவந்து மூன்று லயத்து வீட்டுச் சனத்துக்கும் முன்னால் நிறுத்தி அடித்தார்கள். அப்புறமும் சனம் என்ன சொன்னது தெரியுமா? முனியைப் பழித்தாள், முனி பிடித்துக் கொடுத்துவிட்டது என்றது. அந்தக் கல்லுக்கு அந்த வருஷம்தான் முதன்முதலில் கிடாய் வெட்டினார்கள்.

அவள் ரோட்டை விட்டு ஓடைப் பள்ளத்தில் இறங்கியிருந்தால் தப்பியிருப்பாள். குதிரை அதில் இறங்காது. இதை அவளே சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இப்போது உன் பேய். நான் அதைப் பார்த்ததில்லை. இந்த நாட்டில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் சாணம் போடுவது தின்கிறது. பிளந்த குளம்புள்ளது புல் தின்கிறது. உடம்பு இல்லாமல் இல்லை, கறுப்பாக இருக்கும். சாயங்காலக் காடும் கறுப்பு. வெள்ளையாக இருக்கிற கால் மட்டும் கண்ணுக்குப் படுகிறது. துரையின் கோட்டு எப்படிக் குதிரையோடு ஒட்டிப்போனதோ, அப்படி. அதைப் பேய் என்று முதலில் சொன்னவன் பயந்தவன். திரும்பத் திரும்பச் சொல்கிறவன்தான் மேஸ்திரி.

வீரய்யாவின் துண்டைக் காட்டினார்கள் என்கிறாய். வீரய்யாவைக் காட்டினார்களா?

போவதாக இருந்தால் விடிகிற நேரத்தில் போ. ரோட்டுப் பக்கம் தலை காட்டாதே. சாணம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் போ. மாடு தண்ணீருக்குப் போகும், தண்ணீர் கீழே போகும். அது எதிரே வந்தால் ஓடாதே, கத்தாதே. ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று, அதை அதன் பாட்டில் போகவிடு. பேயாக இல்லாவிட்டாலும் அது உன்னைவிடப் பெரிசு.

நான் சொல்வது தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைத்து மூன்று முறை இந்தக் கடிதத்தை நிறுத்தச் சொன்னேன். நானா ஒவ்வொரு முறையும் பேனாவை வைத்துவிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றினார்.

அப்பன்


நமுனுகுல
19.11.1978

இராக்கம்மா அம்மாவுக்குத் தம்பையா எழுதுவித்தது. உங்களுக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் சுகம் வேண்டுகிறேன்.

என் மகளிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. தீபாவளியும் போய்விட்டது. தபால்காரர் என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறார். என் மனைவி கருப்பம்மா முனிக் கல்லுக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வருகிறாள். "அது துரைடீ, துரை செத்து மண்ணாப் போயிட்டான்" என்றால், "தெரியும். புடிச்சு வைக்கிறவன்கிட்டதான கேக்கணும், விட்டுருன்னு" என்கிறாள்.

நல்லதோ கெட்டதோ, ஒரு வார்த்தை எழுதிப் போடுங்கள், அம்மா. நான் அனுப்பிய வழியில் அவள் போனாளா என்று மட்டும் தெரிந்தால் போதும்.

தம்பையா


வத்தலக்குண்டு
8.1.1979

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ரெங்கம்மா உயிரோடு இருந்து எழுதுகிறேன். பவளமும் என்னோடு இருக்கிறாள். சளி குறைந்திருக்கிறது. இராக்கம்மா அக்காவின் தங்கை வீட்டில் இருக்கிறோம். எழுதப் பயந்தே இத்தனை நாள் எழுதவில்லை. குத்தகைக்காரரின் ஆட்கள் இங்கேயும் வந்துபோவார்கள்.

நாங்கள் இரண்டு பேரும்தான் வந்தோம். அவர் கால் அப்போது ஊன்ற முடியாமல் இருந்தது. "நீ புள்ளயத் தூக்கிட்டுப் போ. பெரட்டுல கேட்டா, ரெண்டும் காய்ச்சல்ல கெடக்குன்னு நான் சொல்லிக்கிறேன். கால் ஆறினதும் நானும் வந்துர்றேன்" என்றார். சாணம் போன பக்கமே போனேன். ஓடை வந்தது. வெளுக்கிற நேரத்தில், திரும்புகிற இடத்தில், அந்த நான்கு கால்கள் நின்றன. நான் மரத்தோடு மரமாக ஒட்டிக்கொண்டேன். வெயில் ஏற ஏறக் காலுக்கு மேலே வயிறு வந்தது, திமில் வந்தது, கொம்பு வந்தது. நனைந்த பாறை மாதிரிக் கறுப்பு. அதன் பக்கத்தில் ஒரு கன்று பால் குடித்துக்கொண்டிருந்தது. பவளம் என் காதில், "அம்மா, பேய்க்கு வால் இருக்கும்மா" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, மூத்திரமும் வந்துவிட்டது அப்பா. அது எங்களைப் பார்த்து ஒருமுறை மூச்சை விட்டுவிட்டுப் புல்லுக்குக் குனிந்தது. இங்கே எல்லோரும் அதைக் காட்டுமாடு என்கிறார்கள். கீழே உள்ள சின்னப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரிகிறது.

இதுவரை நல்லது. இனிக் கேளுங்கள்.

இறங்கும்போது கல்லில் சறுக்கிக் காலைக் கிழித்துக்கொண்டேன். சேலையைக் கிழித்துக் கட்டினேன். இரத்தம் பட்ட துண்டு ஒன்று முள்ளில் நின்றுவிட்டது. அதை எடுத்துக்கொண்டு போய் மேஸ்திரி பெரட்டில் தூக்கிக் காட்டியிருக்கிறான். தாயையும் பிள்ளையையும் கால்பேய் தின்றுவிட்டது என்று. அவர் அந்தச் சேலையை அடையாளம் கண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். அன்று சந்தைக்கு வந்த பெண்கள் சொல்லித்தான் அக்காவுக்குத் தெரியும். அதன்பிறகு சந்தைக்கும் யாரையும் விடுவதில்லை. குத்தகைக்காரரின் லொறிக்காரர்கள் டீக்கடையில் பேசிக்கொண்டதுதான், அவர் கால் ஆறிவிட்டதாம். ஆனால் அவர் யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதில்லை. யாருக்காக இறங்கி வருவார்? மற்றவர்களும் முன்னைவிட அதிகம் பயந்துபோய்க் கிடக்கிறார்கள். அந்தப் பேயை நான் இன்னும் பெரிசாக்கிவிட்டு வந்துவிட்டேன், அப்பா.

அவருக்கு வார்த்தை போவதற்கு ஒரே வழிதான் இருக்கிறது. உங்கள் கடிதம். மேஸ்திரி உடைத்து வாசிப்பான். அதனால் நான் செத்ததாகவே எழுதுங்கள். துக்கக் கடிதம் என்றால் அவன் சந்தோஷமாகப் பெரட்டிலேயே வாசிப்பான். எனக்குக் காரியம் செய்து, எனக்குப் பிடிக்கும் என்று கருவாடு படைத்ததாக எழுதுங்கள். கருவாட்டு வாடை பட்டாலே நான் வாந்தி எடுப்பேன் என்று அந்த மனுஷனுக்குத் தெரியும். கல்யாணமான நாளிலிருந்து என்னால் அவர் கருவாடு தின்றதில்லை. மாமியார் வீட்டில் எவ்வளவு சண்டை! அவருக்குப் புரியும்.

ரெங்கம்மா


நமுனுகுல
1.2.1979

தாயி,

உன் கடிதம் கண்டு உன் அம்மா லயத்துக்கும் கோயிலுக்கும் ஓடினாள். பிறகு நீ கேட்டதைச் சொன்னதும் என் மேல் பாய்ந்தாள். "உசுரோட இருக்கிற புள்ளைக்குக் கருமாதி எழுதுவியா? உன் நாக்கு எப்படிப் பொரளும்?" என்றாள். லத்தீப் நானாவும் பேனாவைத் தொடவில்லை. "நம்ம கையால ஒரு புள்ளைய மௌத்துன்னு எழுதுறது பெரிய பாவமில்லையா, பெரியவரே?" என்றார். ஒரு முழு நாள் போய்விட்டது.

மறுநாள் உன் அம்மாவே என்னை முந்திக்கொண்டு கடைக்கு வந்துவிட்டாள். "எழுதுங்க நானா. வெறும் கருவாடுன்னு போடாதீங்க, கட்டாக் கருவாடுன்னு போடுங்க. அதுக்குத்தான் அவ ஊரையே கூட்டுவா" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

நானா எழுதத் தொடங்கிவிட்டார். பவளத்துக்கு என் முத்தம். வெளியே தலை காட்டாதே.

அப்பன்


நமுனுகுல
1.2.1979

மருமகன் சின்னராசாவுக்கு மாமன் தம்பையா துக்கத்தோடு சொல்லி எழுதுவிப்பது.

என் மகளையும் பேத்தியையும் காட்டில் கால்பேய் கொண்டுபோன செய்தி எங்களுக்கு வந்து சேர்ந்தது. மேஸ்திரி ஐயா எவ்வளவோ எச்சரித்தும் சொல் கேளாமல் போய்விட்டாள். யாரை நோவது? அவர் விரும்பினால் இந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசிக்கட்டும். மற்றவர்களுக்கும் புத்தி வரட்டும்.

இங்கே முறைப்படி காரியம் செய்தோம். லயத்துச் சனம் எல்லாம் வந்தது. உங்கள் மாமி தன் கையாலேயே சமைத்தாள். நம் ரெங்கம்மா உயிராக இருந்த கட்டாக் கருவாட்டுக் குழம்பை வைத்து, இலை போட்டுப் படைத்தோம். அந்த வாசத்துக்கே அவள் எங்கிருந்தாலும் வந்துவிடுவாள் என்று மாமி சொல்லிச் சொல்லி அழுதாள். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். அது இல்லாமல் உங்கள் வீட்டில் ஒரு நாளும் அவள் சோறு போட்டதில்லை.

மாப்பிள்ளை, நீங்கள் சாப்பிடுவதில்லை என்று கேள்விப்பட்டோம். போனவளுக்காக அப்படிக் கிடக்கக் கூடாது. வயிறாரச் சாப்பிடுங்கள். காலுக்கு எண்ணெய் போட்டு நீவி, நடந்து பழகுங்கள். உடம்பில் தெம்பு வேண்டும். உங்களுக்கு இன்னும் வயது இருக்கிறது.

எங்கள் சுகத்தைக் கேட்டு நீங்கள் சிரமப்பட வேண்டாம். இந்தக் கடிதத்துக்குப் பதிலும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
மாமன் தம்பையா